முப்பத்தாறில் ஒன்பதாவது பிரதி

மேட்டுப்பாளையத்தில் கிளம்பி ஊட்டி போய்ச் சேரும்வரை வழியில் இருக்கிற பெட்ரோல் பங்குகளை எல்லாம் ஒருவர் படம் எடுக்கிறார். படத்துக்குக் கீழே ஊர்ப் பெயரும் பங்கின் பெயரும் மட்டும் போட்டு, வேறு ஒரு வரிகூட எழுதாமல் புத்தகமாகக் கொண்டுவருகிறார். வாங்குவீர்களா? படங்களும் சுமார்தான், வண்டியை ஓரங்கட்டி அவசரமாக எடுத்ததுபோல இருக்கும். குன்னூரில் நான் கேட்ட பத்துப் பேரில் ஒன்பது பேர் சிரித்தார்கள். பத்தாவது ஆள், "டீசல் விலை போட்டிருக்குமா?" என்று கேட்டார்.

அமெரிக்காவில் எட் ருஷே என்ற கலைஞர் செய்தது கிட்டத்தட்ட இதைத்தான். லாஸ் ஏஞ்சலஸுக்கும் ஒக்லஹோமா நகரத்துக்கும் இடையிலான நெடுஞ்சாலையில் இருந்த 26 பெட்ரோல் நிலையங்களைக் கறுப்பு வெள்ளையில் எடுத்துப் புத்தகம் போட்டார். உள்ளே 1962 என்று ஆண்டு போட்டிருக்கும், வெளிவந்தது 1963-ல். 400 பிரதிகள், ஒவ்வொன்றுக்கும் எண், விலை மூன்றரை டாலர். அமெரிக்க காங்கிரஸ் நூலகம் வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டது. மனிதர் அசரவில்லை. நிராகரிக்கப்பட்ட புத்தகம் என்பதையே 1964-ல் ஒரு கலை இதழில் விளம்பரமாகப் போட்டுக்கொண்டார். இன்று அந்த 400-ல் ஒன்று கைக்கு வர வேண்டுமானால் ஆயிரக்கணக்கில் டாலர் எண்ணி வைக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், ருஷே அதை அரிய பொருளாக்க விரும்பவே இல்லை. 1967-ல் இன்னொரு 500, 1969-ல் 3000 என்று எண் போடாமலேயே அடித்துத் தள்ளினார். முதல் பதிப்புக்கு எண் போட்டதே தவறு என்றும் சொன்னார். யாரும் வாங்கலாம், யாரும் வைத்துக்கொள்ளலாம் என்று மலிவாகச் செய்த பொருள்தான் கடைசியில் பெட்டகத்துக்குள் போய் உட்கார்ந்தது. கடந்த அறுபது ஆண்டுகளின் கருத்துருக் கலையைச் சேகரிக்க நினைக்கிற யாரும் இந்த முரணைத் தாண்டித்தான் போக வேண்டும்.

கருத்துருக் கலை என்றால் என்ன? சுருக்கமாகச் சொன்னால், பொருளை விட யோசனைதான் முக்கியம் என்று நினைக்கிற கலை. யோசனையே கலையைச் செய்யும் இயந்திரம் என்று அமெரிக்கக் கலைஞர் சோல் லூவிட் 1967-ல் எழுதினார். அடுத்த ஆண்டிலிருந்து சுவர் ஓவியங்கள் செய்ய ஆரம்பித்தார். அவற்றை அவரே வரைய வேண்டும் என்பதில்லை. எந்தக் கோடு, எந்தத் திசை, எவ்வளவு இடைவெளி என்று குறிப்பு எழுதிக் கொடுப்பார், வேறு யாராவது வரைவார்கள். வாங்குகிறவருக்குக் கிடைப்பது ஒரு சான்றிதழும் ஒரு வரைபடமும். வீடு மாறினால் சுவருக்கு வெள்ளையடித்துவிட்டு, புது வீட்டில் திரும்ப வரைந்துகொள்ளலாம்.

வெளிநாட்டு விஷயம், நமக்குப் புரியாது என்று நினைக்க வேண்டாம். என் அம்மாவிடம் ஒரு கோல நோட்டு இருக்கிறது. "15 புள்ளி, 8 வரை, ஊடுபுள்ளி" என்று தலைப்பில் இருக்கும். அதைப் படித்தால் போதும், மார்கழி விடியலில் யார் கை போட்டாலும் அதே கோலம் வாசலில் விழும், பத்து மணிக்குள் காலில் மிதிபட்டுப் போய்விடும், மறுநாள் திரும்ப வரும். கோலம் எங்கே இருக்கிறது, வாசலிலா, நோட்டிலா? லூவிட் கேட்டதும் இந்தக் கேள்வியைத்தான். ஒரே வித்தியாசம், கோலத்துக்கு யாரும் சான்றிதழ் கொடுத்ததில்லை. கொடுத்திருந்தால் தமிழ்நாட்டில் பாதி வீடுகள் அருங்காட்சியகம் ஆகியிருக்கும்.

யோசனைதான் கலை என்றால் அதைச் சுமந்து போக மலிவான வண்டி எது? புத்தகம்தான். 1968-ல் நியூயார்க்கில் சேத் சீகலாப் என்ற கலை வியாபாரி ஏழு கலைஞர்களைக் கூப்பிட்டு ஆளுக்கு 25 பக்கம் கொடுத்தார். கண்காட்சிக் கூடம் கிடையாது, புத்தகம்தான் கண்காட்சி. 'ஜெராக்ஸ் புத்தகம்' என்று பெயர் நிலைத்துவிட்டது. ஆனால் 1000 பிரதி ஜெராக்ஸ் எடுக்கக் கட்டுப்படியாகாமல் கடைசியில் ஆஃப்செட் அச்சில்தான் அடித்தார்கள். அந்த ஏழு பேரில் ஒருவரான லாரன்ஸ் வீனர், அதே ஆண்டில் வெறும் வாக்கியங்களால் ஆன ஒரு சின்னப் புத்தகத்தை 1.95 டாலருக்கு விற்றார். விலையை அட்டையிலேயே அச்சடித்திருந்தார். 1976-ல் லூவிட்டும் விமர்சகர் லூசி லிப்பார்டும் சில நண்பர்களும் சேர்ந்து நியூயார்க்கில் 'பிரின்டட் மேட்டர்' என்று, கலைஞர்களின் புத்தகங்களை மட்டும் விற்கும் கடையையே தொடங்கினார்கள். அது இன்றும் நடக்கிறது.

புத்தகத்தோடு நிற்கவில்லை, பொருள்களும் வந்தன. ஜெர்மனியின் யோசப் பாய்ஸ் ஐந்நூறுக்கும் மேற்பட்ட பல்பிரதிப் படைப்புகள், அதாவது ஒரே பொருளைப் பல பிரதிகளாக எடுத்த படைப்புகள், செய்தார். அவற்றில் ஒன்று மூடியில்லாத சாதாரண மரப்பெட்டி. உள்ளே பென்சிலால் இரண்டு கோடு, ஒரு சொல், அவ்வளவுதான். எட்டு மார்க் (அன்றைய ஜெர்மன் பணம்) விலையில் எண்ணிக்கை வரம்பே இல்லாமல் விற்றார். இன்னொன்று கம்பளி ஃபெல்ட்டில் தைத்த கோட்டும் பேன்ட்டும், 1970-ல் 100 பிரதி. லண்டன் டேட் அருங்காட்சியகம் வாங்கி வைத்திருந்த பிரதியை அந்துப்பூச்சி அரித்துவிட்டது. கடைசியில் தொகுப்பிலிருந்தே நீக்க வேண்டியதாயிற்று. பீரோவில் ஸ்வெட்டரோடு அந்துருண்டை போட்டு வைக்கிற மலைக்காரர்கள் யாரும் இதைக் கேட்டுச் சிரிக்க மாட்டார்கள்.

சரி, எண்ணுக்கு வருவோம்.

ஊட்டியிலிருந்து மசினகுடிக்குக் கல்லட்டி வழியாக இறங்கியிருந்தால் பார்த்திருப்பீர்கள். 36 கொண்டை ஊசி வளைவுகள், ஒவ்வொன்றிலும் பலகை: 9/36, 10/36 என்று. அச்சுப்படத்தின் அடியில் பென்சிலால் எழுதுவதும் இதேதான். 9/36 என்றால் மொத்தம் 36 பிரதி, உங்கள் கையில் இருப்பது ஒன்பதாவது. ஒன்பதாவது வளைவைவிட முதல் வளைவு சிறந்தது இல்லையே, அதுபோல 1/36 என்பதற்குத் தனி மவுசு எதுவும் கிடையாது. விற்கிறவர்கள் சிலர் இருப்பதாகச் சொல்வார்கள், நம்பாதீர்கள். செப்புத் தகட்டில் ஊசியால் நேரடியாகக் கீறி எடுக்கிற அச்சில் மட்டும் முதல் சில பிரதிகளுக்குக் கறுப்பு அடர்த்தியாக விழும். கீறலின் விளிம்பு ஒவ்வொரு அழுத்தத்துக்கும் தேய்ந்துகொண்டே வரும் என்பதால் அங்கே எண்ணிக்கைக்குத் தகடே வரம்பு போடுகிறது. ஆஃப்செட்டுக்கும் டிஜிட்டலுக்கும் அப்படி ஒரு தேய்மானம் கணக்கில் வராது. வளைவு 36 என்பது மலை சொன்ன கணக்கு, பிரதி 36 என்பது ஓர் ஆள் கொடுத்த வாக்கு. இந்த வாக்குக்குத்தான் காசு.

எண்ணுக்கு வெளியேயும் பிரதிகள் உண்டு. கலைஞர் தனக்காக எடுத்து வைக்கிற பிரதிகளில் ஏ.பி. (ஆர்ட்டிஸ்ட்ஸ் ப்ரூஃப்) என்று எழுதுவார்கள். வழக்கமாக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருக்கும். அச்சகத்துக்கென்று ஒன்றிரண்டு போகும். ஆக 36 என்று எழுதியிருந்தால் உலகத்தில் 40 இருக்கலாம். இது மோசடி இல்லை, வழக்கம். மோசடி வேறு இடத்தில் இருக்கிறது. அதே படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, தாளை மாற்றி, 'இது வேறு பதிப்பு' என்று இன்னொரு 36 போடுவது. வாங்கும்போது கேட்க வேண்டிய கேள்வி "எத்தனை பிரதி?" என்பது மட்டுமல்ல, "எல்லா அளவிலும் சேர்த்து எத்தனை?" என்பதும்தான். பழைய தமிழ்ப் புத்தகங்களின் பதிப்பு விவரப் பக்கத்தில் 'முதற்பதிப்பு, பிரதிகள் 1000' என்று ஒளிவுமறைவில்லாமல் போட்டிருப்பார்கள். அந்த நேர்மையை ஒரு கலைக்கூடத்தின் ரசீதில் எழுத்தில் எதிர்பார்ப்பதில் தப்பே இல்லை.

எண்ணை வைத்து விளையாடிய கலைஞர்களும் உண்டு. 1961-ல் இத்தாலியின் பியரோ மன்சோனி 90 தகர டப்பாக்களை மூடி, உள்ளே இருப்பது கலைஞரின் மலம், நிகர எடை 30 கிராம் என்று லேபிள் ஒட்டி, அதே எடைத் தங்கத்தின் விலைக்கு விற்றார். மார்சல் துஷாம்ப் 1917-ல் கண்காட்சிக்கு அனுப்பிய, ஆண்கள் கழிப்பறையில் மாட்டுகிற சிறுநீர்க் கோப்பை தொலைந்தே போனது. அவர் சம்மதத்தோடு 1964-ல் மிலானில் எட்டுப் பிரதிகள் செய்தார்கள். இன்று அருங்காட்சியகங்களில் நாம் பார்ப்பது பெரும்பாலும் அவற்றைத்தான். அசல் தொலைந்து 47 வருடம் கழித்து அசல்கள் பிறந்திருக்கின்றன!

இந்த வழியின் கடைசித் திருப்பத்தில் வாழைப்பழம் இருக்கிறது. 2019-ல் இத்தாலியக் கலைஞர் மௌரிசியோ கட்டலான் மயாமியில் ஒரு பழத்தைச் சுவரில் டேப் போட்டு ஒட்டினார். மூன்று பிரதிகள். முதல் இரண்டும் தலா 1,20,000 டாலருக்குப் போயின. 2024 நவம்பரில் ஒரு பிரதி ஏலத்தில் 62 லட்சம் டாலரைத் தொட்டது. வாங்கியவர் பழத்தைத் தின்றும்விட்டார். மேட்டுப்பாளையம் மண்டியில் நேந்திரன் தார் ஏலம் எடுக்கிறவர்களிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். ஆனால் தின்றதால் அவருக்கு நஷ்டம் இல்லை. அவர் வாங்கியது சான்றிதழையும், எப்படி ஒட்ட வேண்டும் என்ற குறிப்பையும். பழத்தை எந்தக் கடையிலும் வாங்கிக்கொள்ளலாம். அந்தக் காகிதம் தொலைந்தால்தான் கதை முடிந்தது. லூவிட்டின் சுவருக்கும் இதே விதிதான்.

அதனால் இந்த வகைச் சேகரிப்பில் ஃபைல்தான் கருவூலம். ரசீது, சான்றிதழ், கலைஞரோடு நடந்த கடிதப் போக்குவரத்து, வந்த கவர்கூட. சட்டமும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. படைப்பை வாங்கினால் அதன் பதிப்புரிமை உங்களுக்கு வராது, படம் எடுத்துக் காலண்டர் போட முடியாது. மறுவிற்பனையில் கலைஞருக்குப் பங்கு வேண்டும் என்று 1971-லேயே சீகலாப் ஒரு வழக்கறிஞரோடு சேர்ந்து மாதிரி ஒப்பந்தம் எழுதினார். லாபத்தில் 15 சதவீதம் என்று அதில் இருந்தது. நம் பதிப்புரிமைச் சட்டத்திலும் 53ஏ என்று ஒரு பிரிவு இருக்கிறது. அசல் ஓவியம், சிற்பம், வரைபடம், எழுத்தாளரின் கையெழுத்துப் படி போன்றவை பத்தாயிரம் ரூபாய்க்கு மேல் மறுவிற்பனை ஆனால் படைத்தவர் பங்கு கேட்கலாம், உச்ச வரம்பு 10 சதவீதம். எண் போட்ட அச்சுப்படத்தைப் பற்றி அந்த வாசகத்தில் ஒரு சொல் இல்லை.

சுங்கத் துறையின் பார்வை இன்னும் சுவாரசியம். கலைஞர் தன் கையாலேயே செய்த தகட்டிலிருந்து எடுத்த அச்சு, கட்டண அட்டவணையின் 97-ஆம் அத்தியாயத்தில் கலைப்படைப்பாக வருகிறது. இயந்திர முறையிலோ ஒளிப்பட முறையிலோ தகடு செய்திருந்தால் அந்தத் தகுதி கிடையாது. ருஷே புத்தகத்தை இன்று வரவழைத்தால் அது 49-ஆம் அத்தியாயத்து வெறும் அச்சுப் புத்தகம்தான். அவர் கேட்டால் சந்தோஷப்படுவார் என்று நினைக்கிறேன்.

நம் பக்கத்துக்கு வருவோம். இந்தியாவில் இந்த வகையை நிதானமாகவும் அழகாகவும் செய்பவர் ஒளிப்படக் கலைஞர் தயானிதா சிங். 2008-ல் ஏழு மடிப்புப் புத்தகங்களை ஒரு சின்னப் பெட்டியில் போட்டுக் கொண்டுவந்தார். பிரித்து மேசையில் நிறுத்தினால் அதுவே கண்காட்சி. 2017-ல் வந்த பெட்டியில் ஒன்பது குட்டி 'அருங்காட்சியகங்கள்'. 3000 பிரதி என்றாலும் ஒரு பெட்டியைப் போல இன்னொன்று இருக்காது. பெங்களூரில் ரிலையபிள் காப்பி என்ற பதிப்பகம் கலைஞர்களின் புத்தகங்களைக் கொண்டுவருகிறது. சென்னை தாரா பதிப்பகம் கையால் செய்த தாளில் சில்க் ஸ்கிரீன் முறையில் அச்சடித்து, நூல் கொண்டு தைத்து, பிரதி எண் போட்டு விற்கிறது. அவர்கள் புத்தகங்களைக் கருத்துருக் கலை என்று சொல்ல மாட்டேன், பெரும்பாலும் கதையும் சித்திரமும்தான். ஆனால் எண் என்றால் என்ன, தாள் என்றால் என்ன, மை என்றால் என்ன என்று விரலால் தெரிந்துகொள்ள இதைவிட மலிவான பள்ளிக்கூடம் இல்லை.

இன்னொன்றும் நம்மிடம் இருக்கிறது, அதை யாரும் இந்தக் கணக்கில் சேர்ப்பதில்லை. சிறுபத்திரிகைகள். 'எழுத்து' 1959-ல், 'கசடதபற' 1970-ல் தொடங்கின. சில நூறு கைகளுக்காக அச்சடித்த இதழ்களுக்கு ஆதிமூலம் போன்ற ஓவியர்கள் காசு பார்க்காமல் கோட்டோவியம் வரைந்து கொடுத்தார்கள். நியூயார்க்கில் 1.95 டாலர் புத்தகம் செய்தவர்களின் அதே மனநிலை, அதே காலகட்டம். அங்கே அது சந்தையாயிற்று. இங்கே எடைக்குப் போயிற்று. ஊட்டியிலும் குன்னூரிலும் பழைய பங்களாக்கள் கைமாறும்போது காகிதம் எல்லாம் மூட்டையாகப் பழைய பேப்பர் கடைக்கு வரும். அங்கே குனிந்து தேடுவது என் ஞாயிற்றுக்கிழமை வேலை. ஏலக்கூட விலைப்பட்டியல் பார்ப்பதைவிட இது லாபம், முதுகுவலியைக் கழித்தால்.

நீலகிரிக்கும் பிரதி எடுக்கிற தொழிலுக்கும் பழைய உறவு உண்டு. தாவரவியலாளர் ராபர்ட் வைட், நீலகிரிச் செடிகளைப் பற்றி 1846 முதல் 1851 வரை வெளியிட்ட நூலில் கல்லச்சில் எடுத்துக் கையால் வண்ணம் தீட்டிய படங்கள் இருக்கும். அவருக்காக வரைந்தவர்களில் ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு நம்மூர் ஓவியர்களின் பெயர்கள் நிலைத்திருக்கின்றன. கையால் தீட்டியதால் ஒரு பிரதியின் பச்சை இன்னொன்றில் இருக்காது. அப்புறம் ஊட்டி இந்து நகரின் ஹிந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ். 1960-ல் நிறுவி 1967-ல் உற்பத்தி தொடங்கிய பொதுத்துறை ஆலை. 'இந்து' என்ற பெயரில் ஃபிலிமும் எக்ஸ்ரே தகடும் கறுப்பு வெள்ளைத் தாளும் இங்கிருந்து நாடெங்கும் போயின. ஆலை மூடிவிட்டது. அந்தத் தாளில் எடுத்த படத்தை இனி அதே தாளில் இன்னொரு முறை எடுக்க வழியில்லை. யாரும் எண் போடாமலேயே பதிப்பு முடிந்துவிட்டது. இந்துத் தாளில் கையொப்பமிட்ட ஒரு பழைய கறுப்பு வெள்ளைப் படம் கிடைத்தால் நான் பேரம் பேச மாட்டேன்.

கிடைத்த பிறகுதான் மலையில் கஷ்டம் ஆரம்பிக்கிறது. காற்றில் ஈரப்பதம் 65 சதவீதத்தைத் தாண்டினால் தாளில் பூஞ்சை குடியேறும் என்பது நூலகங்களின் பொதுக் கணக்கு. ஊட்டிப் பக்கம் ஆடி மழை வதைக்கும், குன்னூரையும் கோத்தகிரியையும் ஐப்பசி கார்த்திகை மழை வதைக்கும். மூடுபனி ஜன்னல் வழியாக வந்து ஹாலில் உட்காரும். வீட்டில் ஒரு சுவரிலாவது ஓதம் ஏறியிருக்கும், நாம் படம் மாட்ட ஆசைப்படுவதும் சரியாக அந்தச் சுவரில்தான். 1859-ல் தொடங்கிய ஊட்டி நீலகிரி நூலகத்தின் பழைய அலமாரிகள் பக்கம் போனவர்களுக்கு அந்த வாசனை தெரியும்.

என் பாடம் காசு கொடுத்துக் கற்றது. சென்னையில் ஆசையாக வாங்கிய ஒரு ஸ்கிரீன் அச்சைப் பிரேம் போடக் கொடுத்தேன். கடைக்காரர் நல்லது செய்வதாக நினைத்து அதை ஹார்ட்போர்டில் பசை தடவி முழுசாக ஒட்டிவிட்டார். இரண்டு ஐப்பசி போனதும் முகத்தில் மச்சம் வந்ததுபோலப் பழுப்புப் புள்ளிகள். பலகையிலிருந்து பிரிக்கவும் முடியாது. இன்னொரு முறை ஜெராக்ஸில் எடுத்த ஒரு கலைஞர் புத்தகத்தைப் பத்திரமாக இருக்கட்டும் என்று பளபளப்பான பி.வி.சி. ஃபோல்டரில் போட்டேன். ஒரு வருடத்தில் எழுத்தெல்லாம் தாளை விட்டு பிளாஸ்டிக்குக்குக் குடிபோய்விட்டன. ஜெராக்ஸ் மையைப் பி.வி.சி. இழுத்துக்கொள்ளும் என்பது அப்போதுதான் தெரிந்தது. பாலியெஸ்டர் உறை என்றால் இந்தப் பிரச்சினை இல்லை, அமிலமற்ற தாளில் மடித்து வைத்தால் இன்னும் உத்தமம்.

நீலகிரித் தைலம் தெளித்தால் பூச்சி வராது என்று சொல்லாத ஆள் இங்கே இல்லை. ராமபாணப் பூச்சிக்கு அந்த வாசனை பிடிக்காமல் இருக்கலாம், ஆனால் தாளில் விழுந்த எண்ணெய்க் கறை போகவே போகாது. மர அலமாரியைவிட இரும்பு பீரோ மேல், ஏனென்றால் மரம் மெல்ல அமில ஆவி விடும். பீரோவைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடுங்கள். உள்ளே சிலிக்கா ஜெல் வைத்து, நிறம் மாறியதும் சூடாக்கித் திரும்ப வையுங்கள். முந்நூறு நானூறு ரூபாய்க்கு ஈரப்பதம் காட்டும் சின்னக் கடிகாரம் கிடைக்கிறது. சேகரிப்பில் முதலில் வாங்க வேண்டிய பொருள் அதுதான். தை மாசி மாதத்தில் காற்று காய்ந்திருக்கும்போது எல்லாவற்றையும் வெளியே எடுத்து, வெயில் படாமல் நிழலில் ஒரு நாள் காற்றாட வைப்பேன். ஓலைச்சுவடிக்காரர்களும் செய்த வேலைதான்.

அப்படி எடுத்து வைக்கிறவற்றில் ஒரு சோப்புக் கட்டியும் உண்டு. செங்கல் அளவு, மேலே 'அச்சுறுத்தல்' என்று பொருள்படும் ஆங்கிலச் சொல் பதிந்திருக்கும். மும்பைக் கலைஞர் ஷில்பா குப்தா 2008-09-ல் செய்த படைப்பு. இப்படிப்பட்ட சோப்புகளைச் சுவர்போல அடுக்கி வைத்திருப்பார், பார்க்க வருகிறவர்கள் ஆளுக்கொன்று எடுத்துப் போகலாம். எண்ணும் கிடையாது, கையொப்பமும் கிடையாது. தேய்த்துக் குளித்தால் அந்தச் சொல் கரையும், யோசனையே அதுதான். கண்காட்சியிலிருந்து நண்பர் ஒருவர் எனக்காக எடுத்து வந்தார். நான் குளிக்கவில்லை, பெட்டியில் வைத்தேன். ஒவ்வொரு மாசியிலும் அம்மா கேட்பாள், "இது குளிக்கவா, வைக்கவா?" போன ஐப்பசியில் திறந்து பார்த்தபோது சோப்பு வியர்த்திருந்தது, முதல் எழுத்தின் ஓரம் கொஞ்சம் மழுங்கியிருந்தது. துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, சிலிக்கா ஜெல்லை மாற்றி, திரும்ப உள்ளே வைத்தேன்.